கிலோக் கணக்கில் பேய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்காய் பக்கம் போகிறவர்கள் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். எண்ணெய்ப்பனைக் காட்டுக்கு நடுவே, மற்ற நாளில் நாய்கூட நடக்காத செம்மண் சடக்கில் கார்கள் நெருக்கியடித்து நிற்கும். ஈப்போ கார், தைப்பிங் கார், சமயத்தில் சிங்கப்பூர் கார்கூட வரும். வீடு கொடுக்கிறார்களா என்றால் இல்லை. வேலை கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. உடம்பில் ஏறிய பேயை நிறுத்துப் பார்த்து, கிலோக் கணக்கில் இறக்கிக் கொடுக்கிறார்கள்.

இறக்குகிறவர் பார முனி அடிமை தனேஸ்வர சுவாமிகள். சனங்கள் வைத்த பெயர் திம்பாங் சாமி. தராசை மலாய்க்காரர்கள் திம்பாங் என்பார்கள். நம்மவர்களுக்கும் அதுதான் வாயில் வரும். சாமி துறவறம் பூணுவதற்கு முன் உடம்பை மெலிய வைக்கும் தேயிலை விற்றவர். வியாபாரம் படுத்துவிட்டது. தேயிலையை வாங்கியவர்கள் குடித்துவிட்டுச் சும்மா இராமல், மெலிந்தோமா என்று தாங்களே நிறுத்துப் பார்த்ததுதான் கோளாறு. அனுபவம் நல்ல வாத்தியார். அடுத்த தொழிலில் நிறுக்கிற வேலையையும் சாமி தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அவருடைய தத்துவம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். இந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். மரத்துக்கு ஒரு பேய் குடியிருந்தது. தோட்டத்தை விற்றார்கள், மரத்தை வெட்டினார்கள், ஆட்களை வெளியேற்றினார்கள். ஆட்களில் பாதிப் பேருக்காவது மலிவு விலை அடுக்குமாடியில் இடம் கிடைத்தது. பேய்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? எண்ணெய்ப்பனையில் உட்காரலாம் என்றால் முள் குத்துகிறது. ஆகவே பழைய தோட்டத்து ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலும் குடியேறிவிட்டன. அங்கே மெத்தென்று இருக்கிறது. வாடகையும் இல்லை.

"நீங்க குண்டு இல்லைம்மா," என்பார் சாமி, கண்ணை மூடிக்கொண்டு. "உங்க மேல ஆள் குடியிருக்கு."

இதைக் கேட்ட பெண்கள் பலர் அந்த இடத்திலேயே அழுதுவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க எல்லோரும் "நீ குண்டு" என்று சொல்லக் கேட்டவர்கள். "உன் தப்பு இல்லை" என்று முதன்முதலாக ஒருவர் சொல்கிறார். அதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காணிக்கை. பழைய இரும்புக் கடையில்கூட சரக்கை இறக்கினால் நமக்குத்தான் காசு தருவார்கள். இங்கே சரக்கை இறக்கிவிட்டுப் போகிறவரே காசையும் கொடுக்க வேண்டும்.

பூசை நடக்கும் கொட்டகைக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு தோட்டத்து ஆட்கள் ரப்பர்ப் பால் வாளியோடு வரிசை பிடித்து நின்ற நிறுவைக் கொட்டகை அது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறாய் என்று சொல்லி நிறுவையில் கழிப்பார்கள். ஏன் என்று கேட்டவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அந்த ஆட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது காரில் வந்து, அதே இடத்தில், தாங்களாகவே வரிசை பிடிக்கிறார்கள். அன்றைக்குக் கழித்தால் அழுதார்கள். இன்றைக்குக் கழித்தால் கும்பிடுகிறார்கள். முன்னேற்றம் என்றால் இதுதான்.

அந்த வரிசையில் பாப்பாவும் நின்றாள்.

பாப்பா என்பது பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே ஓட்டைக் கையுறை பொறுக்கும் வேலை. நின்று நின்று வலது முட்டி தேய்ந்துவிட்டது. குடியிருப்பதோ மூன்றாவது மாடி. அங்கே லிப்டு ஓடுகிற நாளைத்தான் ஆட்கள் பேசிக்கொள்வார்கள். முட்டியை மாற்றிவிடலாம் என்றார் மருத்துவமனையில் பெரிய டாக்டர். ஆனால் ஒரு நிபந்தனை. பாப்பாவின் எடை தொண்ணூற்றேழு. தொண்ணூறுக்குக் கீழே வந்தால் குறித்த தேதியில் அறுவை. வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். பாப்பா வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதுவரைக்கும் முட்டி நிற்க விடாது. நிற்காத ஆளைத் தொழிற்சாலை வைத்துக்கொள்ளாது.

பாப்பா ஆரம்பித்தாள். துணைக்கு அவள் நாத்தனார் குமுதாவும் ஆரம்பித்தாள். குமுதா பள்ளி வேன் ஓட்டுகிறவள்; வாய் வேனைவிட வேகம். இரண்டு பேரும் சோற்றைப் பாதியாக்கினார்கள், தே தாரிக் என்கிற பால் தேநீரை விட்டார்கள், மாலையில் கீழே கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடந்தார்கள். முதல் வாரம் பாப்பாவுக்கு இரண்டு கிலோ இறங்கியது. அன்று மூன்று மாடிக்கும் சேதி போனது. இரண்டாம் வாரம் ஒரு கிலோ ஏறியது. அன்று சேதி வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் மலாய்ப் பெண் சிரித்தாள். "முதல் வாரம் இறங்கினதில் பாதி தண்ணீர், காக்கா. இப்படித்தான் ஏறும், இறங்கும். பெர்லாஹான் லா," என்றாள். காக்கா என்றால் அக்கா; பெர்லாஹான் என்றால் மெதுவாக. பாப்பாவுக்கு மெதுவாக என்கிற சொல்லே பிடிக்கவில்லை. மூன்றாம் வாரம் வேலையிடத்தில் ஒரு பிறந்தநாள் வந்தது. கேக் வந்தது. கேக்குக்குப் பிறகு பிரியாணி வந்தது. மறுநாள் முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"எனக்கு இது ஆகாது குமுதா," என்றாள் பாப்பா. "என் உடம்பு வேற உடம்பு."

"எனக்கும்தான் ஏறுச்சு அண்ணி. நான் என்ன செஞ்சேன்? ரொட்டி சானாய் தின்னேன். ஒண்ணு இல்லை, மூணு. நேத்து தின்னாச்சு, இன்னைக்கு நடப்போம். வாங்க லா."

"நீ போ. எனக்கு முட்டி வலிக்குது."

முதல் தடவை வழுக்கி விழுகிறவனுக்கு ஒரு கை வேண்டும். அந்த நேரம் பார்த்து எந்தக் கை நீளுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாப்பாவுக்கு நீண்டது, கூட வேலை செய்யும் கலாதேவியின் கை. அந்தக் கையில் திம்பாங் சாமியின் விலாச அட்டை இருந்தது.

"பட்டினி கிடந்தும் ஏறுதுன்னா என்னா அர்த்தம்க்கா? தின்னாம எப்படி ஏறும்? யோசிச்சுப் பாருங்க."

பாப்பா யோசித்துப் பார்த்தாள். பிரியாணியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தாள்.

கொட்டகையில் நடுநாயகமாக ஒரு பழைய திம்பாங். வட்ட முகம், ஒற்றை முள், நின்று ஏறும் தட்டு. அதற்கு மஞ்சள், குங்குமம், முகத்தில் பாதியை மூடும் சாமந்தி மாலை. பக்கத்தில் சாமியின் சீடர் சன்னாசி, நாற்பது வயது ஆள், கைகூப்பி நிற்பார். பூசைக்கு முன் ஒருமுறை அவர் மாலையைச் சரிசெய்வார். பூசைக்குப் பின் இன்னொரு முறை. அந்த இரண்டு சமயத்திலும் எல்லோரும் கண்ணை மூடி "முனி, முனி" என்று சொல்ல வேண்டும். ஆள் ஏறாத வெறும் திம்பாங்கைப் பார்ப்பது மகா பாவம். இறங்கிய பேய் கண் வழியாகத் திரும்ப ஏறிவிடும்.

பாப்பா ஏறினாள். தொண்ணூற்றொன்பது. பார்த்ததுமே அழுகை வந்தது. சாமி வேப்பிலை அடித்தார், எலுமிச்சை உருட்டினார், காற்றைப் பார்த்து "இறங்குடா" என்று அதட்டினார். சன்னாசி மாலையைச் சரிசெய்தார். பாப்பா மறுபடி ஏறினாள். தொண்ணூற்றைந்து.

"நாலு கிலோ!" என்று சன்னாசி கூவினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கூடவே பத்தியமும் சொன்னார் சாமி. வேறு எந்தத் திம்பாங்கிலும் ஏறக்கூடாது, முனி கோபித்துக்கொள்வார். நடக்கவே கூடாது, குலுங்கினால் பேய் பயந்து இறுக்கிப் பிடிக்கும். பேய்க்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலையும் வடையையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். பேய் பசியில் ஓடிப்போகும். நடக்காதே, தின்னு, இளைப்பாய். பக்தி ஏன் பெருகாது?

அடுத்த வாரம் போனபோது முள் பழையபடி நூறை நெருங்கியது. பாப்பா திகைத்தாள்.

"அது பழைய பேய் இல்லைம்மா," என்றார் சாமி. "ஈப்போவுல இருந்து வார வழியில புதுசா ஏறினது. எவ்வளவு காடு தாண்டி வாரீங்க!"

அதையும் இறக்கினார். நாலு கிலோ. அடுத்த வாரமும் நாலு. பாப்பா கூட்டிப் பார்த்தாள்: பன்னிரண்டு கிலோ. தொண்ணூற்றேழில் பன்னிரண்டு போனால் எண்பத்தைந்து. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. புடவையின் கொசுவம் மட்டும் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. சட்டைக் கொக்கி மாட்டவில்லை.

"துணி சுருங்கிப் போச்சு," என்றாள் பாப்பா.

"எல்லாத் துணியும் ஒரே நேரத்துலயா?" என்றாள் குமுதா. "அண்ணி, நம்ம வீட்டுத் திம்பாங்குல ஒரு தடவை ஏறுங்க. ஒரே தடவை."

"மாட்டேன். சாமி சொல்லியிருக்காரு."

"திங்கக்கிழமை டாக்டர் ஏறச் சொல்லுவாரே, அப்ப என்னா பண்ணுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை கடைசிப் பூசை. பேயை ஆணியடிச்சு மரத்துல கட்டிருவாரு. அப்புறம் எந்தத் திம்பாங்குல ஏறினாலும் எண்பத்தஞ்சுதான்." பாப்பாவின் குரல் இறங்கியது. "நீ நம்பாட்டிப் போ. எனக்கு இந்த முட்டி வேணும் குமுதா. படிக்கட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுறேன். பாத்தியா நீ?"

குமுதா பார்த்திருக்கிறாள். அதனால் மேற்கொண்டு சண்டை போடவில்லை. "சரி, ஞாயித்துக்கிழமை நானே வேனை எடுக்கிறேன். போலாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் பாப்பா இருந்தாள், கலாதேவி இருந்தாள், மஞ்சள் துணியில் இறுகச் சுற்றி உச்சியில் குங்குமம் வைத்த ஒரு மூட்டையும் இருந்தது.

"என்னா இது?" என்றாள் பாப்பா.

"நம்ம வீட்டு அரிசி. அதுக்கும் பார்க்கணும்."

கொட்டகையில் ஓம குண்டத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. முன் வரிசையில் ஈப்போ கணக்காய்வாளர் சேவுகன், பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பேய்க்கு எடை உண்டு என்பதை அறிவியல் முறையில் விளக்குவது அவருடைய தொண்டு. குமுதா மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக முன்னால் போனாள்.

"சாமி, எங்க வீட்டு அரிசி. மாசக் கடைசி வரைக்கும் வர்றதே இல்லை. உள்ள யாரோ குடியிருந்து திங்கிற மாதிரி இருக்கு. பேய் பிடிச்சிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

கூட்டத்தில் பெருமூச்சு கிளம்பியது. எல்லோர் வீட்டிலும் இதே கதைதான்! சாமி ஒரு கணம் தயங்கினார். பிறகு அத்தனை வீட்டு அரிசிப் பானையும் மனக்கண்ணில் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும். முகம் மலர்ந்தது.

"பிடிக்கும்மா. ஏன் பிடிக்காது? வை."

சன்னாசி மாலையைச் சரிசெய்தார். கூட்டம் கண்ணை மூடியது. முனி, முனி. குமுதா மூட்டையை ஏற்றினாள்.

"பன்னிரண்டு!" என்றார் சன்னாசி.

வேப்பிலை, எலுமிச்சை, அதட்டல். மூட்டை அசையாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. மறுபடி மாலை, மறுபடி முனி, முனி.

"எட்டு! நாலு கிலோ பேய்!"

கன்னத்தில் போடும் சத்தம் மழை மாதிரி கேட்டது. அது அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, குமுதா மஞ்சள் துணியைப் பிரித்தாள். கடையிலிருந்து வந்தபடியே இருந்த அரிசிப் பை. வாய்த் தையல்கூடப் பிரிக்கவில்லை. நெற்றியில் பெரிய எழுத்தில்: பத்து கிலோ.

"எல்லாரும் நல்லாப் பாருங்க. பத்து கிலோ அரிசி வரும்போது பன்னிரண்டு. போகும்போது எட்டு. ரெண்டு கிலோ பேய் இறங்குச்சு, சரி. அரிசியில ரெண்டு கிலோ எங்க சாமி?"

சாமி கண்ணைத் திறந்தார். பூசை நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து அன்றுதான் பார்த்தார்கள்.

"இது... சயாம் அரிசி," என்றார். "சயாம் பேய் பொல்லாதது. போகும்போது ரெண்டு கிலோ அரிசியைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு."

"பையைப் பிரிக்காமலா?"

"பேய்க்கு வாசல் எதுக்கும்மா?"

நம்ப மாட்டீர்கள், கூட்டத்தில் பாதி தலையாட்டியது. சேவுகன் எழுந்து நின்றார். "இதுக்கு அறிவியல் விளக்கமும் இருக்கு. ஓம குண்டத்துச் சூட்டுல அரிசியோட ஈரப்பதம் குறைஞ்சிருக்கலாம்."

"ரெண்டு கிலோ ஈரமா? அது எங்கண்ணே போச்சு, உங்க வேட்டிக்குள்ளயா?"

கொட்டகை சிரித்தது. சேவுகன் வேட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

சிரிக்காதவள் பாப்பா ஒருத்திதான். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, மெதுவாக எழுந்தாள்.

"சாமி, அரிசி கிடக்கட்டும். நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி. என் எடை எவ்வளவு?"

"எண்பத்தஞ்சும்மா. ஆணியடிச்சா எண்பத்தஞ்சு."

"ஆணியடிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு?"

சாமி கார் நிற்கும் பக்கம் பார்த்தார். பாப்பா நொண்டி நொண்டித் திம்பாங்கிடம் போய், அரிசிப் பையை இழுத்துக் கீழே தள்ளினாள். மாலையில் கை வைத்தாள்.

"அக்கா! வெறும் திம்பாங்கு! பார்த்தா கண்ணு போயிரும்!" சன்னாசி குறுக்கே விழுந்தார்.

"முட்டி போயிருச்சு. கண்ணும் போகட்டும். நகரு."

மாலை அறுந்து விழுந்தது. கண் போகவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது என்னவென்றால், தட்டில் ஒன்றுமே இல்லாதபோது முள் பூஜ்யத்துக்கு இரண்டு கிலோ கீழே நின்றது. முகத்துக்கு அடியில், மாலை மறைத்த இடத்தில், ஒரு சின்னத் திருகு. குமுதா அதை ஒரு பக்கம் திருப்பினாள், முள் ஏறியது. மறுபக்கம் திருப்பினாள், இறங்கியது.

"காத்துக்கும் பேய் பிடிச்சு இறங்கியிருக்கு போல," என்றாள்.

"சாமிதான் திருப்பச் சொன்னாரு," என்றார் சன்னாசி அவசரமாக. "மாலை போடும்போது இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம். எனக்குச் சம்பளந்தான், வேற ஒண்ணும் தெரியாது."

குமுதா முள்ளைச் சரியாகப் பூஜ்யத்தில் நிறுத்தி அரிசிப் பையை ஏற்றினாள். பத்து கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பையை இறக்கினாள்.

பாப்பா ஏறினாள். கொட்டகையில் யாரும் முனி பேரைச் சொல்லவில்லை. எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது.

நூற்றொன்று.

வந்ததைவிட நாலு கிலோ கூட. அத்தனையும் பொங்கல், வடை, நடக்காத மாலைகள். பேய் என்று ஒரு கிராம்கூட இல்லை. பாப்பா அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று குமுதா பயந்தாள். அவள் அழவில்லை. இறங்கிச் சாமியைத் தேடினாள். சாமி தவத்துக்குப் போயிருந்தார், கார்ச் சாவியோடு. செம்மண் புழுதி மட்டும் தெரிந்தது. சன்னாசியைச் சுற்றிக் கூட்டம் காணிக்கையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அமளியிலும் ஒரு பக்தர், "சாமி நல்ல சாமிதான்பா, திம்பாங்குதான் சரியில்லை," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலாதேவி பொங்கல் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

 திரும்பும் வழியில், வேன் பீடோரைத் தாண்டியதும் பாப்பா ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நான் போகலை. டாக்டர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"போகணும் அண்ணி. உள்ளதைச் சொல்லுங்க. நூத்தொண்ணுன்னா நூத்தொண்ணு. அந்த நம்பர் உங்களைத் திட்டலையே. நீங்கதான் திட்டிக்கிறீங்க."

"உனக்கென்னா, ஈசியாச் சொல்லிட்ட."

"எனக்கு ஈசியா? நேத்துகூட ஒரு ரொட்டி சானாய் தின்னேன் லா. ஆனா ஒண்ணுதான். மூணுல இருந்து ஒண்ணுக்கு வந்திருக்கேன். இதுக்கு எந்த முனிக்குப் படையல் போடுறது?"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் வந்தது.

மறுநாள் போனாள். உள்ளதைச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தேதியை அடித்துவிட்டு அடுத்த ஆளின் பெயரை எழுதினார். பாப்பாவின் பெயர் வரிசையின் கடைசிக்குப் போனது. சாமி இறக்கியது அந்த ஒன்றைத்தான். வேலையிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, உட்கார்ந்து பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றிக்கொண்டாள். சம்பளம் கொஞ்சம் குறைவு. அதுவும் எத்தனை நாளைக்கு என்று யாரும் எழுதித் தரவில்லை.

மறுபடி ஆரம்பித்தார்கள். சோறு பாதி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடை. முட்டி வலிக்கிற நாளில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது. முதல் வாரம் இறங்கியது. இரண்டாம் வாரம், போன தடவை மாதிரியே, அரைக் கிலோ ஏறியது. குமுதா மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"சனியன்," என்றாள் பாப்பா திம்பாங்கைப் பார்த்து. பிறகு செருப்பைத் தேடினாள். "என்னா பார்த்துக்கிட்டு நிக்கிற? இருட்டுறதுக்குள்ள நடந்துட்டு வருவோம், வா."

இதுதான் மந்திரம். வேறு மந்திரம் கிடையாது. இதை விற்க முடியாது என்பதால் எந்தச் சாமியும் இதைச் சொல்ல மாட்டான்.

திம்பாங் சாமி இப்போது தைப்பிங் பக்கம் தொழில் நடத்துவதாகக் கேள்வி. அங்கே மழை அதிகம். உடம்பில் ஏறிய நீர்ப் பேயை இறக்குகிறாராம். கூட்டம் நன்றாக இருக்கிறதாம். இருக்காதா? பசாருக்குப் போய் அரைக் கிலோ கெம்போங் மீன் வாங்கும்போது, தட்டு காலியாக இருக்கிறதா, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறோம். ஒரு முள் அகலம் தப்பினாலும் மீன்காரனைப் பிடித்து உலுக்குகிறோம். மீனுக்குத் திறக்கிற கண்ணை, காவியைக் கண்டதும் மட்டும் ஏனய்யா மூடுகிறீர்கள்?